புகைக்கூடத்தில் காய்ந்த புத்தகம்

அந்த மலாய்க் கதைப் புத்தகத்தை அப்பா என் கையில் கொடுத்தபோது அது அப்பளம் போல விறைத்திருந்தது. நிறம் தேத்தண்ணி. வாடையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ரப்பரும் விறகுப் புகையும் கலந்து மூன்று வீடு தள்ளி அடித்தது. ஐயோ, தொலைந்தேன் என்று உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசி அது. பாடாங் செராய் டவுனுக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் தமிழ்ப்பள்ளியை முடித்து, டவுன் இடைநிலைப் பள்ளியில், படிவம் ஒன்று என்னும் முதல் வகுப்புக்கு முன் வரும் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் மலாய் படித்திருந்தேன். படித்திருந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் மலாய் ஆசிரியர், நாங்கள் சிக்கு என்று கூப்பிடுபவர், ஆளுக்கொரு நூலகப் புத்தகம் கொடுத்தார். பள்ளி திறக்கும் நாளில் எல்லார் முன்னாலும் நின்று அந்தக் கதையை மலாயில் சொல்ல வேண்டும். சொல்லாதவர்களுக்குப் படிவம் ஒன்றில், படிப்பு வராதவர்களை ஒதுக்கும் கடைசி வகுப்பு. கடைசி வகுப்புக்குப் போன எங்கள் தோட்டத்துப் பெண்களில் ஒருத்திகூட அடுத்த வருடம் பள்ளி பஸ்ஸில் ஏறியதில்லை. நேரே பால்மரம் சீவத்தான் போனார்கள். எனக்கு அந்தப் பயம்தான்.

பாதிக் கதையைக்கூடத் தாண்டவில்லை, புத்தகம் மழையில் ஊறிவிட்டது. துணிக்கொடியடியில் வைத்து மறந்தது நான்தான். அப்பா தோட்டத்துப் புகைக்கூடத்தில் ரப்பர் ஷீட் காயவைப்பவர். நனைந்த எதற்கும் அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். என்னைக் கேட்காமலேயே எடுத்துப் போய், ஷீட்டுகளுக்கு நடுவே மூங்கில் கழியில் தொங்கவிட்டார். நாலு நாள். நல்ல ஷீட்டுக்குக் கொடுக்கும் அதே நாலு நாள். பின்பாதிப் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு, பிரித்தால் கிழிந்தன. நான் அழுத அழுகையில் அவர் அன்று சாப்பிடவில்லை. "பிள்ள படிப்ப நானே கெடுத்துட்டேன்லா," என்று அம்மாவிடம் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்.

பள்ளி திறந்தது. என் முறை வந்ததும் சிக்கு புத்தகத்தை வாங்கி, மோந்து பார்த்து, "இது என்ன கூத்து?" என்று மலாயில் கேட்டார். கதையின் முடிவு எனக்குத் தெரியாது. அப்பாவைக் கூப்பிட்டுத் திட்டிவிடுவாரோ என்ற பதற்றத்தில், நடந்ததை மலாயிலேயே கொட்டத் தொடங்கினேன். மழை, துணிக்கொடி, மூங்கில் கழி, நாலு நாள், அப்பா சாப்பிடாதது வரை. சொல் கிடைக்காத இடத்தில் கையை ஆட்டினேன். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. சிக்கு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போதும், உட்கார். நீதான் கதையைச் சொல்லிவிட்டாயே," என்றார். கடைசி வகுப்புப் பட்டியலில் என் பெயர் இல்லை. அப்பாடா!

சாயங்காலம் அப்பா பஸ் நிற்கும் இடத்துக்கே வந்து நின்றார்.

"சிக்கு என்னாம்மா சொன்னாரு?"

"நல்ல வகுப்புதான்ப்பா. பாஸ்லா!"

அவர் விட்ட பெருமூச்சு எனக்குக் கேட்டது. கொஞ்ச தூரம் நடந்தபின் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"புத்தகம் நல்லா காஞ்சிருக்குன்னு சொன்னாரா?"

"சொன்னாருப்பா," என்றேன். அப்பாவிடம் நான் எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். இந்த ஒன்றுக்கு மட்டும் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.