அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்

இல்லை, அந்த அஞ்சலிக் கார்டை நான் ஷெயார் பண்ணப் போவதில்லை.

ஓம், செய்தி உண்மை. மைக்செட் மரியதாஸ் அண்ணை இன்று விடியற்காலை மாம்புரியில், தன் வீட்டில், காலமாகிவிட்டார். மாரடைப்பு.

காலையிலிருந்து எங்கள் கோயில் குரூப்பில் மெழுகுதிரிகள், கூப்பிய கைகள்... "சிறந்த விசுவாசி." "பண்பான மனிதர்." "நம் பங்கின் தூண்."

எழுதியவர்களின் பெயர்களைப் பார்த்தேன். போன வருடம் இதே குரூப்பில் இதே மனிதரைப் பற்றி எழுதிய அதே பெயர்கள்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வன்னியிலிருந்து இடம்பெயர்ந்து வந்தவர் அண்ணை. இந்தக் கரையோரக் கோயில்களுக்கு ஒலிபெருக்கி கட்டுவது தொழில். நான் பாடகர் குழுவில் சேர்ந்த நாளிலிருந்து, மைக்கை என் உயரத்துக்கு இறக்கி வைத்தவர்.

தலவில கோயில் திருவிழாவுக்கு யாத்திரை போனால், கூடாரங்களுக்கு நடுவில் பிள்ளைகள் தவறிப் போவதுண்டு. எங்கள் ஆட்களின் பிள்ளை தவறினால் அண்ணைதான் மைக்கில் சொல்வார். தமிழில் ஒருமுறை, சிங்களத்தில் ஒருமுறை.

"நீலச் சட்டை போட்ட ஒரு பிள்ளை எங்களோட இருக்கிறார். பயப்பிடாமல் வாங்கோ."

அவ்வளவுதான். பிள்ளையின் பெயரும் வராது, தாய் தகப்பன் பெயரும் வராது. "பேரைச் சொன்னால் கெதியா வருவினம் தானே அண்ணை?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வருவினம். பிறகு ஊருக்குப் போனாப்பிறகும் பிள்ளையைத் துலைச்ச மனிசி எண்டுதான் அவவைச் சொல்லுவினம். என்னட்டை மைக் இருக்கெண்டதுக்காக..."

வயர் சுற்றப் போய்விட்டார்.

பிறகு போன வருடம், எங்கள் கோயில் திருவிழா. பிரசங்கம் நீண்டுகொண்டே போனது. அண்ணைக்குச் சீனி வருத்தம்; நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சீனி இறங்கிவிடும். கை நடுங்குவதைக் கண்டு என் பையிலிருந்த பிஸ்கட்டைக் கொடுத்தேன். சாப்பிட்டார், நடுக்கம் நின்றது.

நற்கருணை அப்பம் வாங்க எல்லாரும் எழும்பினார்கள். அவர் எழும்பவில்லை.

"ஏன் அண்ணை, போங்கோவன்."

"இப்ப தானே பிள்ளை சாப்பிட்டனான். ஒரு மணித்தியாலமாவது வயிறு சும்மா இருக்க வேணும்."

"வருத்தக்காரருக்கு அந்தச் சட்டம் இல்லை."

"அது எனக்கும் தெரியும். மனம் கேக்கேல்லை."

கோயில் லைவ் வீடியோவில் அது விழுந்துவிட்டது. எல்லாரும் வரிசையில் நிற்க, அவர் மட்டும் மர வாங்கில் தனிய உட்கார்ந்திருக்கிறார். அன்று பின்னேரமே ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குரூப்பில் போட்டார். "கோயில் மைக் பிடிக்கிறவருக்கு நற்கருணை வேண்டாமோ?" பெரிய பாவம் உள்ளவர்தான் நற்கருணைக்குப் போகமாட்டார் என்பது ஊர்க் கணக்கு.

அதற்குக் கீழே... யாரையும் தீர்ப்பிடவில்லை, ஆனாலும். ஏறத்தாழ எல்லாரும் இப்படித்தான் தொடங்கினார்கள். ஆனாலும் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொல்லுங்கோ. ஆனாலும் வீட்டிலை என்ன சிக்கலோ. ஆனாலும் வன்னியிலை அவருக்கு வேற குடும்பம் இருந்ததாம்.

புரொஃபைல் படத்தில் திருஇருதயம். டைப் பண்ணும் விரலில் இந்த வாய்.

நான் பிஸ்கட்டைப் பற்றி எழுதினேன். "சகோதரிக்கு ஏன் இவ்வளவு அக்கறை?" என்று பதில் வந்தது, பக்கத்தில் ஒரு சிரிப்பு முகத்தோடு.

அண்ணை எனக்குப் போன் எடுத்தார். "நீ எழுதினதை அழி பிள்ளை. உன்ர பேரையும் இழுப்பினம்."

"உங்கட பேர் போகுதே அண்ணை."

"என்ர வருத்தத்தை ஊருக்கு விளங்கப்படுத்தி எடுக்கிற பேர் எனக்கு வேண்டாம்."

அழித்தேன். அவர்கள் எழுதியது அப்படியே இருந்தது. அடுத்த திருவிழாவுக்குச் சிலாபத்திலிருந்து வேறு மைக்செட் வந்தது. "கதை கொஞ்சம் ஆறட்டும்" என்றார்களாம். அண்ணை பூசைக்கு வருவதை நிறுத்தவில்லை. கமெராவுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து, தூணுக்குப் பின்னால் இருந்தார்.

இப்போது அந்தக் கார்டு. கறுப்புப் பின்னணி, வெள்ளைப் புறா, நடுவில் அண்ணை. அதே ஸ்கிரீன்ஷாட். வெட்டி எடுத்திருக்கிறார்கள். ஓரத்தில் வரிசையில் நின்ற யாரோ ஒருவரின் முழங்கை இன்னும் இருக்கிறது.

அட்மினுக்குப் போன் எடுத்தேன்.

"அதிலைதான் அக்கா முகம் கிளியரா இருக்கு."

"தம்பி, அது எந்தப் போஸ்டிலை வந்த படமெண்டு தெரியுமோ?"

"தெரியும். ஆக்களை க்ரொப் பண்ணிட்டன் தானே."

க்ரொப் பண்ணிவிட்டானாம்.

அந்தப் பழைய போஸ்ட்டும் இன்னும் குரூப்பில்தான் இருக்கிறது. இன்று காலை ஒருவர் அதற்குக் கீழேயே RIP போட்டிருக்கிறார். அதற்குச் சற்று மேலே அவருடைய போன வருட "ஆனாலும்".

செத்த வீட்டுக்குப் போனேன். அண்ணையின் மனைவி றீற்றா அக்கா அழுது முடித்து, கையில் போனோடு இருந்தா. கார்டு அவவுக்கும் வந்திருந்தது. நாளைக்கு ரோட்டில் கட்டும் பெனருக்கும் அதே படம்தானாம்.

"எடுக்கச் சொல்லு பிள்ளை. அவர் அதிலை தனிய இருக்கிறார்."

இரண்டு பேரும் அலுமாரியைக் கிளறினோம். கலியாணம், ஞானஸ்நானம், திருவிழா... எல்லாப் படத்திலும் மற்றவர்கள். அவர் எப்போதும் மெஷினுக்குப் பின்னால். கடைசியில் ஒன்று கிடைத்தது. தென்னையில் ஏணி சாத்தி ஒலிபெருக்கி கட்டுகிறார். கீழே நிற்கும் யாரையோ பார்த்துச் சிரிக்கிறார். வாயில் வயர் துண்டு.

"இதுதான் இந்த மனிசன்" என்றா அக்கா.

அட்மினுக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டான். கார்டு மாறவில்லை.

போய் வாங்கோ அண்ணை. மைக்கை இனி நானே இறக்கிக்கொள்கிறேன்.

முந்தலுக்கு பஸ் எடுத்துப் போய், ஸ்டூடியோவில் படத்தைப் பெரிதாக்கி, பிரேம் போட்டுக் கொண்டுவந்து அவருடைய தலைமாட்டில் வைத்தேன். பிறகு இதை எழுதினேன். கருத்துப் பகுதியை மூடிவிட்டேன். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நேரில் போய்ச் சொல்லுங்கோ, றீற்றா அக்கா வீட்டில்தான் இருக்கிறா.