அக்கா சொன்ன ஜப்பானியக் கதைகள்

எங்கள் அக்காவை வழியனுப்ப வந்தவர்களுக்கும், வர இயலாமல் தொலைவிலிருந்து வருந்தியவர்களுக்கும், அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் தம்பியாகிய நான் இதை எழுதுகிறேன்.

அக்கா உத்திரமேரூரில் ஒரு விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஏனாத்தூரில் படித்தார். ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, அம்மொழியைக் கற்று, அங்கேயே மொழிபெயர்ப்பாளரானார். புள்ளலூரில் வாழ்க்கைப்பட்டார். பிள்ளைகள் இல்லை. ஒரு மழைக்கால மாலையில் மாமா நெஞ்சுவலியால் வயலிலேயே சரிந்தார். அதன்பின் அக்கா உத்திரமேரூருக்குத் திரும்பி, வாடகை வீடொன்றில் தனியே வசித்தார்.

அங்கே அவருக்குத் துணை ஜப்பானியக் கதைப் புத்தகங்கள்தாம். கணவனை இழந்த பெண்கள் அவற்றில் நிறைய வருவார்களாம். காலையில் ஆக்கிய சோற்றில் முதல் கிண்ணத்தைக் கணவன் படத்தின் முன் வைத்து, சிறு மணியைத் தட்டி, வீட்டுச் சேதிகளைச் சொல்வார்களாம். அக்காவும் மாமா படத்தின் முன் காபி வைத்துப் பேசத் தொடங்கினார். அதைப் பார்த்த எங்கள் சித்தி பதறினார்.

"இன்னாம்மா, போட்டோகூட பேசிக்கினு கீற?"

"அந்தக் கதைங்கள்ல எல்லாரும் இப்பிடித்தான் பேசறாங்க சித்தி."

"பேசினா பாரம் கொறையுதா?"

"இல்ல. அவங்களும் தனியாத்தான் கீறாங்க. ஆனா சீக்கிரம் மறந்துடுன்னு யாரும் அவங்கள அவசரப்படுத்தறதில்ல."

என் மகளின் திருமணத்துக்கு அக்கா மண்டபம் வரவில்லை. தான் முன்னால் நின்றால் யாராவது முகம் சுளிப்பார்கள் என்ற தயக்கம். மகள் கல்யாணப் புடவையோடு அவர் வீட்டு வாசலில் வேனை நிறுத்தச் சொன்னாள்.

"அத்த, நீ பூ வெச்சி வுட்டாத்தான் நான் போவேன்."

அக்கா அவள் கூந்தலில் பூ வைத்தார். "எந்தக் கதையிலயும் இப்பிடி ஒண்ணு நான் படிச்சதில்லடா" என்று மாலையில் என்னிடம் போனில் சொன்னார். நாங்கள் கொடுத்தனுப்பிய கல்யாண விருந்தை அன்றும் அந்த வீட்டில் தனியாகத்தான் சாப்பிட்டார்.

புற்றுநோய் கண்டு செங்கல்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோது, வலி தணிந்த வேளைகளில் எனக்குக் கதை சொல்வார். கடைசிக் கதை, மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத கணவனின் செருப்பை வாசலிலேயே வைத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றியது. பனி கொட்டும் ஒரு நாளில் அவள் வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள்.

"மூச்சு வாங்குது. மீதிய அப்பறம் சொல்றேன்டா."

அதன்பின் அக்கா பேசவில்லை. மறுநாள் காலை எங்களைவிட்டுப் பிரிந்தார்.

மருத்துவமனையில் முறைவைத்து உடன் தங்கிய பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும், தினமும் கஞ்சி கொண்டுவந்த சித்திக்கும், தொழிற்சாலை நண்பர்களுக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவின் புத்தகங்கள் இப்போது என் வீட்டில் இருக்கின்றன. எனக்கு அந்த மொழி தெரியாது. அந்தப் பெண் கதவைத் திறந்தாளா, வெளியே நின்றது யார் என்று இனி நான் யாரைக் கேட்பேன்?