பீலியடியில் சொன்ன வெள்ளிக்கிழமைக் கதை

எங்கள் லய வீடுகளுக்கெல்லாம் பொதுவான பீலிக் குழாயில் தண்ணீர் விழும் இடத்தில் இரண்டு துவைகற்கள் இருந்தன. ஞாயிறு காலையில் பெரிய கல் கார்மென்ட் அக்காவுக்கு, சின்னது எனக்கு. கெலிஓயாவுக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கார்மென்ட் தொழிற்சாலைக்குத் தைக்கப் போன முதல் ஆள் அவள். பெயர் ஒன்று இருந்தும் எல்லோருக்கும் கார்மென்ட் அக்காதான். அவள் வேலை முடிந்து வருவதற்குள் மாலை நாடகம் முடிந்துவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை நடந்ததை, அவள் துணிகளுக்குச் சவர்க்காரம் போடப் போட, நான் சொல்ல வேண்டும். அப்போது எனக்குப் பதினைந்து வயது.

அது இந்தியில் எடுத்துத் தமிழ் பேச வைத்த நாடகம். உதடு ஒரு பக்கம் போகும், குரல் ஒரு பக்கம் வரும். ஒரு கதவு திறக்க மூன்று நாள் ஆகும். அதற்குள் வீட்டிலுள்ள ஒவ்வொரு முகத்தையும் இடி முழக்கத்தோடு காட்டி முடிப்பார்கள். அதைப் பெரிய கலை என்று நான் சொல்லமாட்டேன். இன்றைய தொடர்களை நன்றாகத்தான் எடுக்கிறார்கள். கண்டிக்கு பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டுப் பிள்ளைகள் போனைப் பார்த்தபடி காதில் வயரை மாட்டிக்கொண்டு, அலுத்த இடத்தையெல்லாம் தள்ளிவிட்டு, ஊர் வருவதற்குள் பாதிக் கதையை முடித்துவிடுகிறார்கள். யாரும் யாருக்கும் கதை சொல்லத் தேவையில்லை. அந்த ஒன்றுதான் எனக்குக் குறையாகப் படுகிறது.

அந்த வாரம் நாடகத்தில், மனைவியை விட்டு வேறொருத்தியோடு போன கணவன் திரும்பி வந்து வாசலில் நின்றான். வியாழக்கிழமை அதோடு நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சரியாக அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கதை சொல்கிறவளுக்கு ஒரு திமிர் வந்துவிடுகிறது. அந்த மனைவி கதவைத் திறக்கவேயில்லை, உள்ளே போய் அடுப்பைப் பற்ற வைத்தாள் என்று அக்காவிடம் கூசாமல் அளந்துவிட்டேன். அக்காவின் புருஷனும் அப்போது கொழும்பில் இன்னொருத்தியோடு இருந்தான். வருகிற பௌர்ணமிப் போயா லீவுக்குத் திரும்பி வருவதாகத் தன் அண்ணனிடம் சொல்லி அனுப்பியிருந்தான். லயம் முழுக்கத் தெரிந்த விஷயம். அது என் நினைவிலேயே இல்லை என்று சொன்னால் பாதிப் பொய்.  அக்கா அலசிய சட்டையையே மறுபடி அலசினாள்.

திங்கட்கிழமை நாடகத்தில் அந்தப் பெண் கதவைத் திறந்துவிட்டுக் கணவனின் காலில் விழுந்து அழுதுகொண்டிருந்தாள்.  அக்காவிடம் உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. புதன்கிழமை போயா. அவன் பெட்டியோடு வந்து வாசலில் நின்றான். அக்கா கதவைத் திறக்கவில்லை. பெரியவர்கள் போய்ப் பேசிப் பார்த்தார்கள். பொழுது சாய்வதற்குள் அவன் போய்விட்டான், பிறகு வரவேயில்லை.

அப்போது சின்னப் பிள்ளையாக இருந்த மகளை அக்கா தனியாகவே வளர்த்தாள். அந்தப் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், பள்ளிக்கூடத்தில் அப்பாவைக் கூட்டிவரச் சொன்னாலும், எனக்கு என் வாய்தான் ஞாபகம் வரும். இருபது வருடம் அப்படியே போனது.

போன மாதம், அம்பிட்டியவில் அந்த மகளோடு இருக்கும் அக்காவைப் பார்க்கப் போனேன். அவள் போனில் அதே பழைய நாடகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கரண்ட் போனதையும் நான் அளந்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

அக்கா நாடகத்தை நிறுத்தினாள்.

"தெரியும் புள்ள. அது சிங்கள டீவியில ரெண்டு மாசம் முந்தியே போயிருச்சு. என்கூட தைச்ச சிங்களப் புள்ளைங்க கத பூரா சொல்லிட்டாளுங்க."

பிறகு எதற்கு ஞாயிறுதோறும் என்னைச் சொல்ல வைத்தாள் என்று கேட்டேன். நான் சொன்னால் கேட்க நன்றாக இருக்கும் என்றாள். போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவன உள்ள விடக் கூடாதுன்னு நீ கத சொன்ன ஞாயித்துக்கு மொத நாளே நா முடிவு பண்ணிட்டேன். யார்கிட்டயும் வாய தொறக்கல. நீ மட்டும் வந்து அத அப்படியே சொன்ன. ஒனக்கு எப்படித் தெரிஞ்சிச்சுன்னு இத்தன வருசமா யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."