இருநூற்றேழாம் அறைக்கு ஏழு மணிக்கு

விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து இரண்டு தெரு தள்ளி நான்கு மாடியில் ஒரு ஓட்டல். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் யாரும் அங்கே தங்குவதில்லை. இரவில் வந்து படுப்பார்கள், விடிந்ததும் போய்விடுவார்கள். பெட்டியைக்கூட முழுதாகத் திறக்க மாட்டார்கள். கைக்கு எட்டும் ஒரு சட்டையும் பிரஷும் போதும் அவர்களுக்கு.

அப்படிப்பட்ட ஓட்டலில் சமையல்காரரைவிட முக்கியமான ஒருத்தி இருந்தாள். வரவேற்பு மேஜைக்குப் பின்னால், தடுப்புப் பலகைக்கு அந்தப் பக்கம், ஒரு டெலிபோனும் ஒரு நோட்டும் ஒரு கடிகாரமுமாக உட்கார்ந்திருப்பாள். விருந்தாளிகள் சொல்லிவைத்த நேரத்துக்கு அறை அறையாகப் போன் செய்து அவர்களை எழுப்புவது அவள் வேலை. பத்தொன்பது வருடமாக அதே நாற்காலி.

ஓட்டல் முழுவதும் அவளுக்குப் பெயர் சேவலக்கா.

"பொம்பளைக்குச் சேவல்னு பேரா? கோழின்னுல்ல இருக்கணும்?" என்று புதிதாக வந்த சமையல்காரர் ஒருமுறை கேட்டார்.

"கோழி என்னிக்குய்யா கூவிச்சு?" என்றாள் அவள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அவள் கணவர் அதே ஓட்டலின் வேன் டிரைவர். இவள் எழுப்பியவர்களை அவர் ஏற்றிக்கொண்டு போய் விமான நிலையத்தில் இறக்குவார். "நீ கிளப்பி விடு, நான் கொண்டுபோய்த் தள்ளிடறேன்" என்பது அவர் வேடிக்கையாகச் சொல்வது. காலை நான்கு மணி ஷிப்டுக்கு அவள் மூன்றரைக்கே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். அதனால் ஒரே மகனைப் பள்ளிக்கு எழுப்பியதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரிதான். இப்போது அவன் வெளியூரில் கல்லூரி விடுதியில் இருக்கிறான். ஊரையே எழுப்பியவள், பெற்ற பிள்ளையை ஒரு நாளும் எழுப்பியதில்லை. இதை அவள் யாரிடமும் குறையாகச் சொன்னதில்லை. நான்தான் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஒரு பயணி, "எழுந்துட்டேம்மா, எழுந்துட்டேன்" என்று போனை வைத்துவிட்டு மறுபடியும் தூங்கிப் போனார். விமானம் போய்விட்டது. பாதிப் பொத்தான் போட்ட சட்டையோடு கீழே ஓடி வந்து, சாகக் கிடக்கும் அப்பாவின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பேன் என்று வரவேற்பறையிலேயே உட்கார்ந்து அழுதார். அன்றிலிருந்து அவள் வாய் வார்த்தையை நம்புவதில்லை. ஒரு வழி கண்டுபிடித்தாள். போனை எடுத்தவர் அதைக் கீழே வைக்காமல் எழுந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறக்க வேண்டும். தண்ணீர்ச் சத்தம் இவள் காதில் விழ வேண்டும். விழுந்தால்தான் நோட்டில் டிக்.

சிலருக்குக் கோபம் வரும். "என்னம்மா இது, திற, மூடுன்னுக்கிட்டு? நான் என்ன பிளம்பரா?"

"பிளம்பரா இருந்தா நான் எதுக்கு சார் எழுப்பறேன்? அவங்க என்னிக்குச் சொன்ன நேரத்துக்கு வந்திருக்காங்க?"

திட்ட வாயெடுத்தவர் சிரித்துவிடுவார். சிரித்தால் தூக்கம் கலைந்த மாதிரிதான். இப்படிப் பத்தொன்பது வருடத்தில் பதினெட்டு வருடம் ஒருவர்கூட விமானத்தைத் தவறவிட்டதில்லை. அவளுக்கென்று பெருமை ஏதாவது இருந்ததென்றால் அது இதுதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாள் மாலை புயல் காற்றில் விமானங்கள் ரத்தாகி, விமான நிறுவனம் நாற்பத்திரண்டு பேரை இந்த ஓட்டலுக்கு அனுப்பிவைத்தது. இருந்த அறை இருபத்தொன்று. முன்பின் தெரியாதவர்களை ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று ஜோடி சேர்த்துப் போட்டார்கள். மறுநாள் விடியற்காலை அவள் வந்து உட்கார்ந்ததும் மேனேஜர் எதிரே வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"இது கம்பெனி அனுப்பின கூட்டம். ஒருத்தர் பிளைட்டை விட்டாலும் அடுத்த தடவை எதிர் ஓட்டலுக்கு அனுப்பிடுவாங்க. அப்புறம் உங்களை இந்த நாற்காலியில வச்சிருக்க என்னால முடியாது. சொல்லிட்டேன்."

"பதினெட்டு வருஷமா விட்டிருக்கேனா சார்?"

"அதனாலதான் பயமா இருக்கு."

இருநூற்றேழாம் அறைக்கு ஏழு மணி. எட்டே காலுக்கு வேன், பதினொரு மணிக்கு விமானம். ஏழு மணிக்குப் போன் செய்தாள். ஒரு பெண் குரல், "ம், சொல்லுங்க" என்றது. குழாயைத் திறக்கச் சொன்னாள். தண்ணீர் கொட்டும் சத்தம் நன்றாகக் கேட்டது. டிக் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

எட்டு இருபதுக்கு வாசலிலிருந்து கணவர் கூப்பிட்டார். "சேவலு, ஒரு தலை குறையுது. இருநூத்தி ஏழு."

"குழாயே திறந்தாச்சே!"

"குழாயையா நான் ஏத்திட்டுப் போறது? ஆள் எங்க?"

"நீங்க மத்தவங்களை இறக்கிட்டு வாங்க. ஒன்பது மணிக்குள்ள கீழ கொண்டுவந்து நிறுத்தறேன்" என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள். வழியில் சிற்றுண்டிக் கூடத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஓர் அம்மாவைப் பார்த்தாள். இருநூற்றேழில் தங்கியிருந்த இன்னொருவர், ஓய்வுபெற்ற டீச்சர். அவருக்கு மாலை நான்கு மணி விமானம்.

"டீச்சர், காலைல போனை எடுத்தது நீங்களா?"

"ஆமா. என் பக்கத்துலதானே இருந்துச்சு. குழாயைத் திறக்கச் சொன்னீங்க, திறந்தேன். தண்ணி வருதான்னு செக் பண்றீங்கன்னு நினைச்சேன். நல்லாத்தான் வருது."

"கூட இருந்த பொண்ணு?"

"அசந்து தூங்குது, பாவம். எழுப்ப மனசு வரல."

பதினெட்டு வருடத்தில் ஒரு தடவைகூட, குழாயைத் திறப்பது யார் என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. ஓர் அறைக்கு ஓர் ஆள் என்றே பழகிப்போன காது அது.

தட்டியதும் கதவு திறந்துகொண்டது. முப்பது வயதுக்குள் ஒரு பெண் கட்டிலில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தாள். உடை மாற்றி, தலை வாரி, செருப்புக்கூடப் போட்டிருந்தாள். கட்டியபடியே ஒரு பெரிய பெட்டி சுவரோரமாக நின்றது.

"என்னம்மா, தூங்கறன்னு சொன்னாங்க?"

"தூங்கலக்கா. நேத்து வந்ததுலேர்ந்து கண்ணை மூடவே இல்ல. போன் அடிச்சப்போ முழிச்சுக்கிட்டுதான் படுத்திருந்தேன்."

"அப்புறம் ஏன்ம்மா வரல?"

அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். கடல் கடந்த ஒரு வீட்டில் நான்கு வருடமாகக் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை. ஒரு மாத லீவில் வந்திருந்தாள். திரும்பி நுழைவதற்கான அனுமதி இன்றோடு முடிகிறது. இந்த விமானத்தை விட்டால் அந்த வேலை போயே போய்விட்டது. அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள். இரண்டு வயதில் விட்டுப் போனது.

"வந்த புதுசுல கிட்டயே வரல. என்னை அத்தைன்னு கூப்பிட்டா. போன வாரம்தான்க்கா முதல் தடவையா அம்மான்னு கூப்பிட்டா. அதுவும் ஷூ லேஸ் கட்டி விடறதுக்காக."

சேவலக்கா கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டு முப்பத்தைந்து. பத்து மணி வரை கவுண்டர் திறந்திருக்கும். வேன் இன்னும் கால் மணியில் வந்துவிடும். இந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கீழே கூட்டிக்கொண்டு போனால் போதும். விமானத்துக்கும் ஆபத்தில்லை, நாற்காலிக்கும் ஆபத்தில்லை.

"இப்பவும் நேரம் இருக்கும்மா. மூஞ்சியக் கழுவிட்டு வா."

"போக மனசில்லன்னு வீட்ல சொல்ல முடியாதுக்கா. வீடு பாதி கட்டி நிக்குது. அவரும் மாமியாரும் என்னைப் பேசியே கொன்னுடுவாங்க." பெண் இரண்டு கைகளையும் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீங்க என்னை எழுப்பலன்னு சொல்லிடறீங்களா?"

கேட்ட மாத்திரத்தில் சேவலக்காவுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "நல்லா இருக்கு! உன் வீட்டுப் பேச்சுக்குப் பயந்துகிட்டு என் சோத்துல மண்ணைப் போடுவியா? இந்த வேலைல என் பேரைக் கெடுத்தவ ஒருத்தி கிடையாது, தெரியுமா?"

பெண் எழுந்து பெட்டியின் கைப்பிடியை இழுத்து நீட்டினாள். போவதற்குத் தயாராகிவிட்டாள். சொன்னதைச் செய்தே பழகிய உடம்பு அது. எந்த வீட்டில் சொன்னாலும் செய்யும்.

அவள் கதவுவரை போனபிறகு சேவலக்கா கேட்டாள்: "நில்லு. போகாம இருந்தா, நாளைக்குக் காலைல என்ன பண்ணுவ?"

பெண் யோசிக்கக்கூட இல்லை. "அவளை எழுப்பி ஸ்கூலுக்கு அனுப்புவேன்."

சேவலக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கீழே வேன் ஹாரன் அடித்தது. இரண்டாம் தடவையும் அடித்தது.

"பெட்டியை வை" என்றாள்.

கீழே வந்து கணவரிடம், "யாரும் வரல, நீங்க போங்க" என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கேள்வி கேட்காமல் வண்டியை எடுத்தார். இருபத்து மூன்று வருடக் குடித்தனத்தில் எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பதை மட்டும் அவர் நன்றாகக் கற்றிருந்தார்.

நோட்டில், காலையில் போட்ட டிக்கைக் கோடு போட்டு அடித்துவிட்டு எழுதினாள்: "207. எழுப்ப வேண்டியவரை எழுப்பவில்லை. குழாயைத் திறந்தது உடன் தங்கியவர். யார் என்று கேட்காமல் விட்டது என் தவறு." எழுதியதில் பொய் ஒரு சொல்லும் இல்லை. அந்தப் பெண் முழித்திருந்தாள் என்பதை மட்டும் எழுதவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

பத்தரை மணிக்கு மேனேஜர் அந்த நோட்டைப் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கத்தவில்லை, அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

"உங்ககிட்ட இதை எதிர்பார்க்கல" என்றார். "திங்கட்கிழமைலேர்ந்து மேல துணி அறைக்குப் போயிடுங்க. போர்வை, துண்டு கணக்கு. இங்க வேற ஆள் போடறேன்."

"சரி சார். வர்ற ஆள்கிட்ட, ஒரு ரூம்ல ரெண்டு பேர் இருந்தா, யார் பேசறதுன்னு கேக்கச் சொல்லுங்க."

தடுப்புப் பலகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்ததும் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, பதினொன்றரைக்கு எழுப்ப வேண்டிய முந்நூற்றிரண்டுக்குப் போன் செய்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்தது. அந்தப் பெண் வரவேற்பறையில் பெட்டியோடு நின்றாள். கையிலிருந்த போனில் மாமியார்.

"அத்தை, ஓட்டல்ல எழுப்பவே இல்ல அத்தை... நான் என்ன பண்ணட்டும்... நிஜமாத்தான்..." சொல்லும்போதே குரல் நடுங்கியது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். அந்தப் பக்கம் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

சேவலக்கா கையை நீட்டிப் போனை வாங்கினாள். "வணக்கம்மா. எழுப்பற வேலை என்னுதுதான். தப்பு என்மேலதான்."

"நீயா அது? அடிப்பாவி! ஒரு குடும்பத்து வாழ்க்கையில விளையாடிட்டியே! காதுல என்ன பஞ்சா அடைச்சிருந்த? சம்பளம் வாங்கறல்ல? வெக்கமா இல்ல? நீயெல்லாம் மனுஷிதானா?"

"ஆமாம்மா."

"என்னடி ஆமா? பாதி சுவரு நிக்குது, மழை வந்தா உன் தலையிலயா கொட்டப் போகுது?"

"உங்க கோபம் நியாயம்தாம்மா."

பக்கத்தில் வந்து நின்ற கணவருக்கே அந்தச் சத்தம் கேட்டது. அவர் போனைப் பிடுங்கப் போனார். அவள் தலையை ஆட்டித் தடுத்துவிட்டாள். அந்தப் பெண் தரையைப் பார்த்தபடி நின்றாள். திட்டு ஆறேழு நிமிடம் ஓயவில்லை. பிறகு மூச்சு வாங்கியது. பிறகு ஒரு பெருமூச்சு.

"சரி, போனது போச்சு. எந்த பஸ்சுல வரா? சாப்பிட்டாளா இல்லையா?"

"இன்னும் இல்லம்மா. இங்கயே சாப்பிட வச்சு ஒரு மணி பஸ்சுல ஏத்தி விடறேன். நாலரைக்கு வந்து சேர்ந்திடும்."

"நாலரைக்கா? அப்ப ஸ்டாப்பிலேர்ந்து அப்படியே ஸ்கூலுக்குப் போகச் சொல்லு. பிள்ளையைக் கூட்டிட்டு வரணும். எனக்கு முட்டி வலி, நடக்க முடியல."

"சொல்றேம்மா" என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள் சேவலக்கா.