ஜாமின் நிற்கிற ஆள்

நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் குழந்தையம்மாள் வாய் திறந்து மலேசியாவின் அந்த ரப்பர் தோட்டத்தில் யாரும் அதிகம் கேட்டதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில், மேற்பார்வை பார்க்கும் தண்டல் பேர் கூப்பிட்டால் "இருக்கேன்" என்பாள். அது பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்கும், தண்டலுக்குக் கேட்காது. வேலைக்கு வந்தும் வராத கணக்கில் விழுந்த நாட்கள் அவளுக்கு உண்டு. மாதா கோயிலில் பாட்டு வந்தால் உதடு அசையும், சத்தம் வராது. கண் மட்டும் சும்மா இருக்காது. எந்த மரத்தில் பால் வற்றிக்கொண்டு வருகிறது, எந்த வீட்டில் காலையில் அடுப்புப் புகை எழவில்லை, யார் யாரோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். கேட்டால் சொல்லமாட்டாள்.

மூன்றாம் வகுப்போடு அவள் படிப்பு முடிந்தது. அம்மா பால் வெட்டப் போனால் கைப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அதன் பிறகு அவளும் உளியை எடுத்தாள். ஸ்டானிஸ்லாசைக் கட்டிக்கொண்டு பக்கத்து லயத்து வரிசை வீட்டுக்குக் குடிபோனாள். பெட்ரீசியா பிறந்தாள். இப்படியே போயிருக்கும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் தோட்டம் கைமாறியது. பால்மரங்களைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டார்கள். வெட்டுக்காரர்கள் எல்லோருக்கும் நட்டஈடு கிடைத்தது; பாதிப் பேர் அதை வாங்கிக்கொண்டு ஈப்போவுக்குப் போனார்கள். மிஞ்சியவர்களின் பிள்ளைகளைத் தாப்பாவிலுள்ள இடைநிலைப் பள்ளிக்கு ஏற்றிப்போன தோட்ட லாரியும் நின்றது. பிள்ளைகள் செம்மண் சாலையில் நடந்து பெரிய ரோட்டுக்குப் போய் நிற்க வேண்டும். ஏற்கெனவே நிறைந்து வருகிற பஸ், கை காட்டினாலும் நிற்காது. நின்று பார்த்துத் திரும்பி வந்த இரண்டு பெண்பிள்ளைகள் பிறகு பள்ளிக்கே போகவில்லை. பெட்ரீசியாவும் ஒருநாள் பையை ஆணியில் மாட்டிவிட்டு, "நான் நாத்துப் பண்ணைக்கு வேலைக்குப் போறேம்மா" என்றாள்.

குழந்தையம்மாள் அந்தப் பையை எடுத்து மறுபடி அவள் தோளில் மாட்டினாள். அதற்கடுத்த மாதம் தன் நட்டஈட்டுப் பணத்தோடு தாப்பாவுக்குப் போய்க் கார் ஓட்டப் பழகினாள்.

தோட்டம் சிரித்தது. "பேரு கூப்பிட்டா சத்தம் வராது, ஹோர்னு எப்படி அடிப்பா?" என்று குழாயடியில் கேட்டார்கள். ஸ்டானிஸ்லாஸ் செம்பனை லாரியில் குலை ஏற்றுகிறவர். அவருக்கே ஓட்ட வராது. முதல் தடவை தவறினாள், இரண்டாம் தடவை லைசன்ஸ் எடுத்தாள். ஈப்போவில் பழைய கார் விற்கும் கடையில் நீல நிற டத்சன் ஒன்று அவள் பேரில் பதிவானது. அன்று முதல் லயத்துப் பிள்ளைகள் ஆறு பேர் ஒருவர் மடியில் ஒருவராக அதில் பள்ளிக்குப் போனார்கள். தாய்மார்கள் மாதம் பிறந்ததும் முடிந்ததைக் கொடுத்தார்கள்.

அந்தக் கடையில் வேலை பார்த்தவன்தான் ஸ்டானிஸ்லாசின் தம்பி பாஸ்கல். கார் வாங்கிய ஆறாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் டை கட்டிக்கொண்டு லயத்துக்கு வந்தான். கையில் ஒரு பை. பைக்குள் வழவழப்பான தாள்.

"கடைல குடுத்த ஜாமின் இந்த மாசத்தோட முடியுது, அண்ணி. இது வேற கம்பெனி. ஈப்போல பெரிய ஆபீசு, ஏர்கோன் எல்லாம் இருக்கு. ரெண்டு வருசத்துக்கு ஒங்க காருக்கு ஜாமின் நிக்கிது. எஞ்சின் போனாலும் சரி, கியர்பாக்ஸ் போனாலும் சரி, கம்பெனி பாத்துக்கும். நீங்க கால் மேல கால் போட்டு ஒக்காரலாம் லா."

"கால் மேல கால் போட்டா கிளச்ச யாரு மிதிக்கிறது?" என்றாள் குழந்தையம்மாள், குழம்புச் சட்டியைப் பார்த்துக்கொண்டே.

தாளில் 'ஜமினான்' என்று, உத்தரவாதம் என்ற பொருளில், மலாயில் அச்சடித்திருந்தது. பாஸ்கல் அதைத் தமிழில் 'ஜாமின்' என்று சொல்லித்தான் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் எல்லாம் விற்றுவந்தான். அவன் அதில் எந்தத் தந்திரமும் செய்யவில்லை. இரண்டும் ஒன்றுதான் என்று அவனே நம்பினான். கேட்டவர்களும் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்தில் ஒருவன் ஜாமின் நிற்கிறான் என்றால் அதற்கு மேல் பேச்சு கிடையாது.

விலையைச் சொன்னான். பெட்ரோல் போக மூன்று மாதம் அவள் கையில் மிஞ்சுவது அவ்வளவும் அதில் போய்விடும்.

"யாரு நிக்கிறா?" என்று கேட்டாள்.

"கம்பெனி நிக்கிது."

"கம்பெனின்னா யாரு?"

பாஸ்கல் சிரித்தான். "அண்ணிக்கு இது வெளங்காதுண்ணே. நீங்க ஒரு கையெழுத்த போடுங்க."

ஸ்டானிஸ்லாஸ் பேனாவை வாங்கிக்கொண்டார். பிள்ளைகளை நடுரோட்டில் வைத்துக்கொண்டு கார் நின்றுபோகும் என்ற பயம் அவருக்கு என்றைக்கும் உண்டு.

"கார் எம்பேர்ல இருக்கு" என்றாள் குழந்தையம்மாள். "அடுத்த ஞாயித்துக்கெழம சொல்றேன்."

மறுநாள் பிள்ளைகளை இறக்கிவிட்டு, தாப்பா பஸ் நிலையத்துப் பக்கம் ஷரபுதீனின் சாப்பாட்டுக் கடைக்குள் போனாள். அவர் வேன் கண்ணாடியில் அந்தக் கம்பெனியின் சீட்டு ஒட்டியிருப்பதை அவள் எப்போதோ பார்த்து வைத்திருந்தாள்.

"நீங்க கடைக்குள்ள வந்து நான் பாத்ததே இல்லியேக்கா" என்று சொல்லித் தேத்தண்ணியைத் தானே கொண்டுவந்து வைத்தார் ஷரபுதீன்.

"அந்த ஜாமின் எப்படிண்ணே?"

அவர் எதிரில் உட்கார்ந்தார். "கிளச் தேஞ்சி போச்சு. அது தேய்மானம், சேராதுன்னுட்டான். ரேடியேட்டர் பைப்பு வெடிச்சிது. அது ரப்பரு, ரப்பர் சாமான் சேராதுன்னுட்டான்."

"ரப்பரே சேராதா?"

"நீங்க வெட்டுன பாலுதான், அக்கா. சேராதாம்."

"ஒன்னுமே குடுக்கலியா?"

"அப்படிச் சொன்னா பொய்யாயிரும். தண்ணிப் பம்பு போனதுக்குக் குடுத்தான். ஆனா வேன் ஈப்போல கெடந்த வரைக்கும் நான் அரிசிய டாக்சியில ஏத்திக் கொண்டாந்தேன். டாக்சிக் காசு சேராது."

"அப்பறம் ஏண்ணே எடுத்தீங்க?"

"ஜாமின்னு சொன்னானே" என்றார் ஷரபுதீன்.

சனிக்கிழமை அவள் பஸ் ஏறி ஈப்போவுக்குப் போனாள். ஜாமின் கார்களைப் பார்க்க அந்தக் கம்பெனி ஒத்துக்கொண்ட பட்டறை பேராக் மாநிலத்தில் ஒன்றே ஒன்றுதான். அதற்கு எதிரே ஒரு துணிக்கடை வாசலில், யாருக்கோ காத்திருப்பவள் மாதிரி, குடையை ஊன்றிக்கொண்டு நின்றாள். துணிக்கடைக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்தார். அவள் நகரவில்லை.

பணம் கொடுக்கிறவர்களின் கார்கள் முன்பக்கமாக உள்ளே போயின, சரியாகி வெளியே வந்தன. பின்பக்கம் வேலியோரம் ஒரு வரிசை நின்றது. கண்ணாடியில் ஷரபுதீன் வேனில் இருந்த அதே சீட்டு. ஒரு வெள்ளைக் காரின் சக்கரத்தை லாலாங் புல் மூடியிருந்தது. பானெட் மேல் பூனை ஒன்று தூங்கியது. மத்தியானம் வரைக்கும் அந்த வரிசைப் பக்கம் ஒருவரும் போகவில்லை.

பிறகு ரோட்டைத் தாண்டிப் போய், எண்ணெய்க் கையோடு நின்ற மெக்கானிக் போமனிடம், அந்தக் கார்கள் ஏன் அங்கே நிற்கின்றன என்று கேட்டாள்.

"ஜமினான் பூஞா. துங்கு லா" என்றான் அவன். ஜாமின் கார்கள், காத்திருக்க வேண்டியதுதான். கோலாலம்பூரிலிருந்து அனுமதி வந்தால்தான் கை வைப்பானாம். மற்றதையும் மறைக்காமல் சொன்னான். சர்வீசுக்கும் இங்கேதான் வர வேண்டும். காலையில் விட்டால் மறுநாள்தான் கிடைக்கும். சனிக்கிழமை ஜாமின் கார்களை எடுப்பதில்லை. ஒரு சர்வீஸ் தவறினாலும் ஜாமின் போய்விடும்.

திரும்பும் பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். அவள் காரில் அடிக்கடி போகிற சாமான் எதற்கும் கம்பெனி கொடுக்காது. கொடுக்கிற சாமான் அடிக்கடி போகாது. போனால் கார் வேலியோரம் கிடக்கும். போகாவிட்டாலும், சர்வீஸ் வரும்போதெல்லாம் ஆறு பிள்ளைகளைப் பெரிய ரோட்டில் பஸ்சுக்குக் கை காட்ட விட்டுவிட்டு ஈப்போவுக்கு வர வேண்டும். இதற்கு அவளே காசும் கொடுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பாஸ்கல் எல்லாம் எழுதித் தயாராகக் கொண்டுவந்திருந்தான். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. காருக்கு ஜாமின் எடுத்துவிட்டதாக ஸ்டானிஸ்லாஸ் ஏற்கெனவே லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

"வேணாம்" என்றாள் குழந்தையம்மாள்.

"என்னா வேணாம்?"

அவள் கரண்டியை வைத்துவிட்டு நடுவீட்டுக்கு வந்தாள். குரல் நடுங்கியது. ஆனாலும் பேசினாள்.

"எங்கப்பா அலெக்சாண்டரு, சன்னாசின்னு ஒருத்தருக்குச் சைக்கிள் கடையில ஜாமின் நின்னாரு. சன்னாசி சைக்கிளோட ஹுத்தான் மெலிந்தாங் பக்கம் போனவருதான், திரும்பல. கடைக்காரன் லயத்துக்கு வந்து நின்னான். செயினுக்கு எண்ண போட்டானா, காத்து எந்தக் கடையில அடிச்சான், டயரு ரப்பராச்சேன்னு எங்கப்பா ஒரு வார்த்த கேக்கல. அந்த வருசம் கிறிஸ்மஸ்சுக்கு எங்களுக்குப் புதுத்துணி இல்ல. நின்னாரு, குடுத்தாரு. அதுக்குப் பேருதான் ஜாமின். ஒங்க கம்பெனி நிக்கல, பாஸ்கல். ஒக்காந்திருக்கு."

"கியர்பாக்ஸ் போனா என்னா செய்வீங்க?"

"போனா நான் பாத்துக்கறேன்."

"அப்ப எங்கிட்ட வரக்கூடாது, சொல்லிட்டேன்."

"கம்பெனிய விடு. நீ நிக்கிறியா? கார் நின்னா நான் வாரேன்னு ஒம்பேர எழுதி நீ கையெழுத்த போடு. இப்பவே காசு தாரேன்."

பாஸ்கல் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் சுவரைப் பார்த்தார்.

"நான் எப்படி அண்ணி..."

"அப்ப தாள மடிச்சி வையி. கோழிக் கொழம்பு ஆறுது."

பாஸ்கல் சாப்பிடாமல் போனான். கொழுந்தன் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாள் என்று குழாயடியில் பேசினார்கள். அவள் வாளியை வைத்தாள், நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போனாள். ஜாமினுக்குக் கேட்ட பணத்தில் ஒரு கிளச் பிளேட்டும், ரேடியேட்டர் பைப்பும், காற்றாடி பெல்ட்டும் வாங்கிக் காரின் பின்பெட்டியில் போட்டாள். மிச்சத்தைக் காருக்கென்று ஒதுக்கி வைத்தாள். பைப் ஒரு தடவை வெடித்தது. ரோட்டோரத்தில் நிறுத்தி அவளே மாற்றினாள்; பிள்ளைகள் முதல் பாடத்தை மட்டும் தவறவிட்டார்கள்.

பாஸ்கல் சொன்ன அந்த இரண்டு வருடம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை செம்மண் சாலையில் வரும்போதே டத்சன் கடகடவென்று சத்தம் போட்டு நின்றது. தாப்பா போமன் ஆ கோக் வந்து அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினான். கியர்பாக்ஸ். பழைய சாமான் கடையிலிருந்து ஒன்று வாங்கி வந்து செவ்வாய்க்கிழமைக்குள் மாட்டித் தருவதாகச் சொன்னான். ஒதுக்கி வைத்திருந்தது அத்தனையும் அதற்கே போயிற்று. அதற்கு மேலும் கையிலிருந்து போட வேண்டியிருந்தது.

செய்தி எப்படியோ ஈப்போவுக்கு எட்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பாஸ்கல் தன் புத்தம்புது புரோட்டோன் சாகாவில் வந்து இறங்கினான். இரண்டு வருடமாக அந்த வாசலை மிதிக்காதவன், அன்று இரவு அங்கேயே தங்கினான். திங்கட்கிழமை விடிந்ததும் காப்பிக் குவளையோடு வாசலில் நின்றான்.

"கம்பெனி குடுக்கிற சாமான்லயே மொத சாமான் கியர்பாக்ஸ்தான், அண்ணி."

"ஆமா."

"அன்னிக்கே கையெழுத்த போட்டிருந்தா..."

"போட்டிருந்தா கார் இந்நேரம் ஈப்போல வேலியோரம் புல்லு மேஞ்சிக்கிட்டு நிக்கும். போனது என் கியர்பாக்சு, குடுத்தது என் காசு. ஒங்கிட்ட நான் கேட்டேனா?"

லயத்து முனையில் பிள்ளைகள் பையோடு வந்து நிற்க ஆரம்பித்திருந்தார்கள். பெட்ரீசியாவுக்கு அன்று பரீட்சை. குழந்தையம்மாள் பிள்ளைகளைப் பார்த்தாள், சாகாவைப் பார்த்தாள். பாஸ்கலுக்கு நேராகக் கையை நீட்டினாள்.

"சாவியக் குடு."

"அண்ணி, புதுக் காரு..."

"ரெண்டு நாளு. கம்பெனிய கேக்கல, ஒன்னய கேக்கறேன். நிக்கிறியா, இல்லியா?"

ஸ்டானிஸ்லாஸ் உள்ளேயிருந்து வந்து தம்பியின் பக்கத்தில் நின்றார். "குடுடா" என்றார்.

பாஸ்கல் சாவியைக் கொடுத்தான். கார் கூடவே தானும் வருவதாகச் சொல்லி முன்சீட்டில் ஏறிக்கொண்டான். பின்னால் ஆறு பிள்ளைகளும் செம்மண் அப்பிய சப்பாத்துக் காலோடு ஏறினார்கள். சீட்டுகளின் பிளாஸ்டிக் உறை இன்னும் கழற்றப்படவில்லை; அது மொரமொரத்தது. தோட்டத்து வளைவில் குழந்தையம்மாள் ஹோர்னை அழுத்தி ஒரு தடவை நீளமாக அடித்தாள். குழாயடியில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாஸ்கல் பின்னால் திரும்பிப் பார்த்தபடியே வந்தான். "அண்ணி, கால கீழ வைக்கச் சொல்லுங்க. சீட்டெல்லாம் வீணாப் போவுது."

அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது தேய்மானம், பாஸ்கல்" என்றாள். "அது சேராது."