பூமாவிடம் சொல்லாமல் வருவது

காட்டு விலங்குக் காப்பகத்தில் வேலை என்றால் நாள் முழுதும் விலங்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று நினைக்கிறார்கள். எங்கள் வேலையில் பாதி, அவை எங்களைப் பார்க்காதபடி பார்த்துக்கொள்வது. ஆட்களுக்கு முன்னால் நின்று வேலை செய்பவர்களுக்கு இதைக் கேட்கப் பொறாமையாக இருக்கலாம். எங்களிடமும் ஆட்கள் வருகிறார்கள், கவலைப்படாதீர்கள்.

ஜேர்மனியில், பான் நகருக்கும் ஆஹென் நகருக்கும் இடையிலுள்ள மலைக்காட்டில் இருக்கிறது எங்கள் காப்பகம். சர்க்கஸிலிருந்தும் வீடுகளிலிருந்தும் மீட்டு வந்த பூமாக்கள் ஐந்து இருக்கின்றன. அமெரிக்கக் காடுகளின் பெரிய பூனை இது. சிங்கத்தின் நிறம், ஆனால் கர்ஜிக்க வராது; வீட்டுப் பூனை மாதிரிக் குர்ரென்று சத்தம் போடும்.

எட்டு மீட்டர்

ஆஹெனில் எஞ்சினியரிங் படிக்கும் நான்கு பையன்கள் வந்தார்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள். மரமும் புதரும் அப்படியே இருக்கச் சுற்றிக் கம்பி போட்ட காட்டடைப்பின் முன்னால் கால் மணி நேரம் நின்றார்கள். எங்கள் கிழட்டு ஆண் பூமா கார்லோஸ் எட்டு மீட்டர் தூரத்தில், காய்ந்த பன்னச்செடிகளுக்கு நடுவே படுத்திருந்தது. செடியும் அதுவும் ஒரே நிறம். அவர்கள் காரிலிருந்து இறங்கியது முதலே அது அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

பூமா பகலில் படுத்திருக்கும், விடியலிலும் பொழுது சாயும்போதும்தான் நடமாடும், கண்ணில் படாமலிருப்பதுதான் அதன் தொழில் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார்கள். பிறகு ஒருவன் சொன்னான்: “புரியுதுண்ணா. ஆனா மூணு பஸ் மாறி வந்திருக்கோம். ஒரே ஒரு தடவை எந்திரிச்சு நிக்கச் சொல்லுங்களேன், ப்ளீஸ்.”

சோபாவில் வளர்ந்தது

லோலா என்ற பெண் பூமா அப்படியில்லை. ஒரு மனிதர் அதைக் குட்டியாக வாங்கி, போத்தலில் பால் கொடுத்து, ஆறு வருடம் வரவேற்பறையில் வளர்த்திருந்தார். அதிகாரிகள் பறிமுதல் செய்து வசந்தத்தின் தொடக்கத்தில் எங்களிடம் கொண்டுவந்தார்கள். காலடி கேட்டால் கம்பிக்கு ஓடிவரும். தலையை உரசும். காலடி போய்விட்டால் கதவோரமாக அங்குமிங்கும் நடக்கும். நடந்து நடந்து உள்ளங்கால் புண்ணாகிவிட்டது.

மிருக வைத்தியர் ஒரு கெடு வைத்தார். இலை உதிரத் தொடங்கும்போதும் இப்படியே மனிதருக்காகக் காத்திருந்தால் லோலாவைக் காட்டடைப்புக்கு மாற்ற முடியாது. சிமெந்துத் தரையும் ஒற்றை மரமும் கொண்ட, புதிதாக வருபவற்றை வைக்கும் வரவேற்புக் கூட்டிலேயே கடைசிவரை இருக்க வேண்டியதுதான். எங்கள் பொறுப்பாளர் பிரிகிட்டே சட்டம் போட்டார்: பேசக் கூடாது, தொடக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது. இறைச்சியை வைத்துவிட்டு வெளியேற வேண்டும்.

அந்த வாரமே பழைய சொந்தக்காரர் தொலைபேசியில் அழைத்தார். “அங்கே டிவி இருக்கிறதா? செய்தி ஓடாவிட்டால் அவள் சாப்பிட மாட்டாள்.”

என் பிழை

டிவி இல்லாமலே சாப்பிட்டது. ஆனால் ஒரு விஷயம் பிடிபடவில்லை. மற்றவர்கள் உணவு வைத்த நாட்களில் லோலா சிறிது நேரத்தில் கதவை விட்டு விலகிவிடும். என் முறை வரும் நாட்களில் மட்டும் மதியம்வரை கதவடியில் நடக்கும். ஆறிவந்த புண் மறுபடியும் பிளந்துகொள்ளும். நான் ஒரு வார்த்தை பேசவில்லை என்று பிரிகிட்டேயிடம் சத்தியம் செய்தேன்.

அவர் கமெராப் பதிவைப் போட்டுக் காட்டினார். இறைச்சியை வைக்கிறேன். திரும்புகிறேன். கதவைச் சாத்தும்போது என் வாய் அசைகிறது: “போட்டு வாறன்” — போய்விட்டு வருகிறேன். என் அடுத்த முறைப் பதிவிலும் அதுவே. அதற்கு அடுத்த முறையும் அதுவே. எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் ‘போறன்’ என்று சொல்லிக்கொண்டு எந்த வாசலையும் தாண்டுவதில்லை; ஒன்றும் சொல்லாமல் தாண்டுவதுமில்லை. முப்பது வருடமாக ஜேர்மன் அலுவலகங்களில் Termin என்கிற சந்திப்பு முடிந்து எழும்பும்போதும் வாய்க்குள் சொல்லிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். இதையெல்லாம் பிரிகிட்டேக்கு விளக்கினேன்.

அவர் பதிவை நிறுத்தினார். “ஆறு வருடமாக அந்த மனிதனும் வேலைக்குப் போகும்போது இப்படித்தான் ஏதாவது சொல்லியிருப்பான். நீயும் அவளிடம் திரும்பி வருவதாகச் சொல்கிறாய். அவள் நம்புகிறாள்.”

வாயை அடைத்தல்

அதன் பிறகு வாயில் ஒரு துண்டுப் பாண் ரொட்டியை வைத்துக்கொண்டு கூட்டுக்குள் போனேன். முதல் நாள் பாண் கீழே விழுந்தது, சொல் வெளியே விழவில்லை. இரண்டாம் வாரம் பாண் தேவைப்படவில்லை. கதவைச் சாத்திவிட்டு நேரே நடந்தேன். முதுகுக்குப் பின்னால் அது கூப்பிடுவது கேட்டது. பூமா கூப்பிடுவது குருவிச் சத்தம் போல மெல்லியது. அந்த உடம்பிலிருந்து வருகிறது என்று நம்ப ஏலாது. நான் திரும்பவில்லை.

பழக்கம் போனால் முழுதாகவே போய்விடும் போலிருக்கிறது. ஒரு காலை இடைவேளையில் மனைவி அழைத்தாள். “என்னப்பா, மூண்டு நாளாச் சொல்லாமல் கொள்ளாமல் போறியள்? கோவமோ?” லோலாவின் கதையைச் சொன்னேன்.

“அதுக்குச் சொல்ல வேண்டாம், சரி. எனக்குச் சொல்லுங்கோ. நான் என்ன, கம்பிக்குள்ளயோ இருக்கிறன்?”

இலைக் குவியல்

இலை உதிரத் தொடங்கியது. லோலா கதவடியில் நடப்பது குறைந்திருந்தது, ஆனால் நிற்கவில்லை. வைத்தியர் மறுநாள் வருவதாக இருந்தார். அன்று மான் தொடை ஒன்றை வைத்துவிட்டுப் பேசாமல் வந்தேன்.

காலையில் போனால் தொடையும் இல்லை, கதவடியில் லோலாவும் இல்லை. பிரிகிட்டே முதலில் பூட்டைப் பார்த்தார். மூலையில், காற்று கொண்டுவந்து போட்ட இலைகளெல்லாம் ஒரு குவியலாகக் கிடந்தன. அதற்குள்ளிருந்து எலும்பின் நுனி தெரிந்தது. காட்டுப் பூமா இரையை இப்படித்தான் இலைகுழையால் மூடி வைத்து, நாட்கணக்காக வந்து தின்னும். வரவேற்பறைக் கம்பளத்தில் வளர்ந்ததற்கு இதை யாரும் காட்டியிருக்க முடியாது. லோலா மரத்தின் பின்னால் படுத்திருந்தது. எங்களைக் கண்டதும் எழும்பவில்லை. குவியலுக்கும் எங்களுக்கும் நடுவே படுத்தபடியே காதைப் பின்னால் மடித்துச் சீறியது.

வைத்தியர் தூரத்தில் நின்று பார்த்தார், கிட்டப் போகவில்லை. இடமாற்றப் படிவத்தைக் காரின் மூக்கில் வைத்தே கையொப்பம் போட்டார். பிரிகிட்டே என் தோளில் தட்டினார். “வாழ்த்துகள். அவளுக்கு உன்னைப் பிடிக்கவில்லை.”

ஞாயிற்றுக்கிழமை

லோலா காட்டடைப்புக்குப் போன பிறகு, பானிலிருந்து ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் வந்தது. நான்தான் சுற்றிக்காட்டினேன். லோலாவின் அடைப்பின் முன்னால் பிள்ளைகள் கம்பியில் முகத்தை வைத்துத் தேடினார்கள். தாழ்ந்த தேவதாருக் கிளைக்குக் கீழே வாலின் கறுப்பு நுனி தெரிந்தது, தெரிந்தவனுக்கு மட்டும். கையை நீட்டிக் காட்டியிருக்கலாம். நான் கையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். வால் நுனி ஒருமுறை அசைந்து உள்ளே போய்விட்டது.

பிள்ளைகளின் தாய் என்னிடம் வந்தார். “அண்ணை, குறை நினையாதேங்கோ. இதுக்குள்ள ஒண்டுமில்லை. நீங்கள் சும்மா கம்பிக்குக் காவல் இருக்கிறியள்.”

ஒன்றுமில்லாத அந்தக் கம்பிக்கு நான் இன்னமும் காவல் இருக்கிறேன், மாலையில் புறப்படும்போது சொல்லிக்கொள்வதில்லை.