அக்காவின் காரும் அப்பாவின் எலுமிச்சம்பழமும்

அப்பாவை நினைத்தால், முற்றத்துக் கதிரையில் இரண்டு எலுமிச்சம்பழங்களை மடியில் வைத்துக்கொண்டு, ராகு காலம் தொடங்கிவிடுமே என்று அவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த ஞாயிறு பின்னேரம்தான் முன்னுக்கு வருகிறது. அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டிருந்தன. இரத்தம் சுத்திகரிக்க யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்கு அக்காதான் தன் பழைய காரில் கொண்டுபோவாள். மறுநாள் காலையும் போகவேண்டும். புங்குடுதீவிலிருந்து கடலுக்கு நடுவே போகும் பாதையின் உப்பும் குழியும் எந்தக் காரையும் விட்டுவைப்பதில்லை. முன்சில்லைத் தாங்கும் இரும்புக் கையின் றப்பர் தேய்ந்து, ஒவ்வொரு குழியிலும் கார் ‘கடக்’ என்றது.

அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள். காரைப் பிறரிடம் விட மனமில்லாமல் திருத்தத் தானே பழகிக்கொண்டாள். அவள் அவசரமில்லாமல் வேலை செய்யும் ஆறுதலைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். மணல் முற்றம் என்பதால் முதலில் பனம்பலகை, அதன்மேல் ஜாக்கி, பிறகு இரும்புத் தாங்கி, பின்சில்லுகளுக்குக் கல். ஜாக்கியை மட்டும் நம்பித் தலையைக் கீழே கொடுக்கமாட்டாள். புதிய இரும்புக் கைகளைப் பூட்டி, நட்டுகளை விரலால் முட்டத் திருகிவிட்டு, முன்சில்லுகள் பலகையில் ஏறி நிற்கும்படி காரை இறக்கினாள்.

சில்லு இறங்கியதுதான் தாமதம், அப்பா எழுந்துபோய்ப் பழங்களை அவற்றுக்கு முன்னால் வைத்துவிட்டார். பழம் வைத்தால் வேலை முடிந்தது என்பது அவர் கணக்கு. அதை நசித்துக்கொண்டு கார் நேரே பிள்ளையார் கோயிலடிக்குப் போகவேண்டும். அக்காவோ நட்டு இறுக்கும் சாவியுடன் திரும்பவும் குனிந்தாள்.

“பழம் வைச்சாப் பிறகு என்ன பிள்ளை செய்யிறாய்?”

“இனித்தான் அப்பா இறுக்கிறது. சில்லு தொங்கேக்க இறுக்கினால், கார் இறங்கேக்க றப்பர் முறுகிக் கிழிஞ்சுபோம். பாரம் ஏறி நிக்கேக்கதான் கடைசி முறுக்கு.”

“அப்ப அந்தக் காரிலை நான் ஏறமாட்டன். நாளைக்கு ஆஸ்பத்திரியும் வேண்டாம்.”

ஒருதரம் தவறினாலே கால் வீங்கி மூச்சு முட்டும் என்று அவருக்குத் தெரியாதா? நான் கத்தினேன். அக்கா கத்தவில்லை. பக்கத்தில் படுத்து, கையை மட்டும் உள்ளே விட்டு, முறுக்கு சரியான அளவுக்கு வந்து அளவுச்சாவி ‘கிளிக்’ என்னும்வரை ஒவ்வொன்றாக இறுக்கினாள். அதற்குள் ராகு காலமும் தொடங்கிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு வந்து அப்பாவின் காலடியில் இருந்தாள்.

“பழமோ அப்பா பிரச்சினை?”

அவர் ஊசித் தழும்பிருந்த கையைத் தடவினார்.

“அங்கை போக இனி ஏலாது பிள்ளை. ஊசியோடை அந்தக் கட்டிலிலை கிடக்க ஏலாது.”

“உங்களை அங்கை விட்டிட்டு வெளியிலை இருக்க எனக்கும் ஏலாதுதான். கொண்டுபோகாமல் விட அதைவிட ஏலாது.”

பிடிவாதம் என்று சினந்துகொண்டு நின்ற நானும் போய் அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தேன்.

அப்பா இப்போது இல்லை. அக்கா அதே காரைத்தான் இன்னும் ஓடுகிறாள். அந்தப் பாதையால் அவளோடு போகும்போதெல்லாம் எனக்கு அந்தத் திங்கட்கிழமைதான் ஞாபகம். யாரும் கூப்பிடாமலே அப்பா வேட்டி மாற்றிக்கொண்டு வந்து காரில் ஏறியிருந்தார். கடல் தொடங்கியதும் நானும் அக்காவும் ‘கடக்’ வருகிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தோம். கார் சத்தமில்லாமல் போனது. அப்பாதான் வாய் திறந்தார்.

“திரும்பி வரேக்க நல்ல மீன் கிடந்தால் வாங்குவம்.”

நோய் வந்த பிறகு, திரும்பி வருவதைப் பற்றி அவர் பேசியது அன்றுதான். “ஓம் அப்பா” என்றாள் அக்கா.